பழுது பார்க்க வந்தவர்கள்

கட்பீஸ்காரர் அந்தக் கடைசல் மெஷினை வாங்கப் போகவில்லை. பேரம் பேசத்தான் போனார்.

இரண்டும் வேறு வேறு காரியம் என்பது துணிக்கடையில் காலம் தள்ளியவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்பீஸ்காரர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மிச்சத் துணி விற்றவர். ரவிக்கைக்கு ஆகுமா, தலையணை உறைக்கு ஆகுமா என்று யோசிக்க வைக்கிற அளவுத் துண்டுகள். அவற்றைக் காசாக்க வாய் வேண்டும். அவருக்கு வாய் இருந்தது. காலையில் கடை திறக்கும்போது திறந்த வாயைக் கதவு சாத்தும்போதுதான் சாத்துவார். ஊரே அவர் பெயரை மறந்து ‘கட்பீஸ்காரர்’ என்றே கூப்பிட்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

இப்போது கடை மகன் கையில். மகன் துணியை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு, கைபேசிக்கு உறை போட்டுக் கண்ணாடி ஒட்டுகிற கடையாக மாற்றினான். ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியிருக்கும். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கட்பீஸ்காரருக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் உறை வாங்க வந்த பெண்ணிடம், “ஒட்டியிருக்கிறதை விடும்மா, நீ என்ன தருவே, அதைச் சொல்லு” என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ‘ஏதோ போலி’ என்று முடிவுகட்டி, வைத்துவிட்டுப் போய்விட்டது.

“அப்பா, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்கப்பா” என்றான் மகன். குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்தியது. கோபம் இருந்தால் பேசிக் குறைக்கலாம்.

வீட்டில் ரெஸ்ட் ஏராளமாக இருந்தது. மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போயிருந்தாள். குழந்தை பிறந்தது. பிறகு மகளுக்கு லீவு முடிந்தது. பிறகு குழந்தைக்குப் பல் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் விசாவை நீட்டினார்கள். வீடியோவில் கூப்பிடுவாள். போனை எதன் மீதாவது சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பாதி நேரம் அந்த வீட்டுக் கூரைதான் தெரியும்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அவர் வாய் திறப்பதற்குள் குழந்தை அழும். கூரை மட்டும் திரையில் நிற்கும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடும்.

அதனால்தான் பழைய சாமான் விளம்பரங்களைப் பார்த்துப் போன் செய்கிற பழக்கம் வந்தது. சோபா பார்க்கப் போனார். மீன் தொட்டி பார்க்கப் போனார். ஏறி மிதித்தால் இருந்த இடத்திலேயே ஓடுகிற சைக்கிள் பார்க்கப் போனார். நாலு குறை சொல்லி, ரெண்டு கதை பேசி, விற்பவர் இறங்கி வந்து, அவர் கொஞ்சம் ஏறிப் போய், இரண்டு பேருக்கும் முகம் மலர்கிற இடத்துக்கு வந்ததும், “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்று எழுந்து வந்துவிடுவார். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பது விற்பவருக்குத் தெரியாது.

கடைசல் மெஷினை விற்றவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற மெஷினில் மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் செதுக்கிக் கிண்ணம் கடைகிறவர். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. கட்பீஸ்காரர் மெஷினைச் சுற்றி வந்தார், உதட்டைப் பிதுக்கினார், பேரத்தைத் தொடங்கி வைக்க வாய் கூசும் விலை ஒன்றைச் சொன்னார்.

“சரி, எடுத்துக்கங்க” என்றார் லிஃப்ட்காரர்.

“எது சரி?”

“நீங்க சொன்ன விலைதான்.”

கட்பீஸ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன விலைக்கு எதிராளி ஒத்துக்கொண்டால் பின்வாங்கக் கூடாது. அவர் வளர்ந்த கடைத்தெருவில் அப்படிப் பின்வாங்கியவனுக்கு அடுத்த கடையில் தண்ணீர்கூடக் கிடைக்காது. “மெஷின்ல ஏதும் கோளாறா?” என்று கேட்டுப் பார்த்தார், தப்பிக்க ஒரு சந்து கிடைக்குமா என்று.

லிஃப்ட்காரர் சுவிட்சைப் போட்டார். “கையை வைங்க. அதிர்வு தெரியுதா? தெரியாது. நான் நல்லாருக்குன்னு கை வச்சுச் சொன்ன மெஷின்லதான் இந்த ஊர் ஏறி இறங்குது. எனக்குப் பெருசு ஒண்ணு வருது, வைக்க இடமில்லை. கத்துக்கற ஆள் கைக்குப் போனா போதும்.” பிறகு, போகிற போக்கில் சொன்னது: “ஞாயித்துக்கிழமை எங்க கொட்டகைக்கு வாங்க.”

இப்படித்தான் வேண்டாத மெஷின் ஒன்று மகளின் பழைய அறைக்கு வந்து சேர்ந்தது.

இருக்கிறதே என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். போனில் யார் யாரோ கடைவதைப் பார்த்துவிட்டு, சாலையோரம் மாநகராட்சி வெட்டிப் போட்டிருந்த தூங்குமூஞ்சி மரத் துண்டு ஒன்றை மாட்டினார். வெளிப்புறம் வந்துவிட்டது. உள்ளே குடையத் தொடங்கினார். சுருள் சுருளாக மரம் பறக்கிற சுகத்தில் குடைந்துகொண்டே போனார். மெஷினை நிறுத்தி, அடிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. ‘டப்’ என்று சத்தம். கிண்ணத்தின் அடி தனியே கழன்று அறை மூலைக்கு உருண்டது. கையில் நின்றது வளையல்.

அதைத் துணிப்பையில் போட்டு, வேண்டாத சொந்தக்காரரை மறைப்பது போல மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனார்.

மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் பின்கட்டு அது. வலை இல்லாத பிங்பாங் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிளாஸ்க் டீ. வருவதும் போவதுமாகச் சிலர் உண்டு. தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். லிஃப்ட்காரர் ஒருவர். பல் டாக்டரம்மா ஒருவர். எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார், பேச்சு குறைவு. இன்னொருவன் பஸ் டிரைவர். ஆள் மலை மாதிரி, அவன் கடைவதெல்லாம் ஊசி போட்டு வைக்கிற சுண்டுவிரல் உயரச் சிமிழ்.

கொட்டகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் செய்ததை ஆளாளுக்கு மேஜையில் வைப்பார்கள். நன்றாக வந்த பொருள் என்றால் கையில் எடுத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவி, “ம், நல்லாருக்கு” என்று வைத்துவிடுவார்கள். கெட்டுப்போன பொருள் என்றால்தான் திருவிழா. நாற்காலி எல்லாம் கிட்டே வரும். டீ ஊற்றப்படும். எங்கே தொடங்கியது, உளியை எப்படிப் பிடித்தாய், எந்தப் பக்கம் நின்றாய், மரம் ஈரமா காய்ந்ததா என்று கொலைக் கேஸ் விசாரிப்பது போல விசாரிப்பார்கள்.

பையிலிருந்து வளையல் வெளியே வந்தபோது டிரைவர் எழுந்தே நின்றுவிட்டான்.

“அண்ணே! அடி போயிருச்சா? வாங்கண்ணே, வாங்க. அடி போகாதவன் யாரும் இந்தக் கொட்டகையில இல்லை.”

“நான் புனல் செஞ்சிருக்கேன்” என்றார் லிஃப்ட்காரர் பெருமையாக. “வீட்டுல எண்ணெய் ஊத்த வச்சிருக்காங்க.”

டாக்டரம்மா வளையலுக்குள் விரலை விட்டுச் சுற்றினார். “உளி மழுங்கியிருக்கு, சார். மழுங்கின உளியை அழுத்தித் தள்ளியிருக்கீங்க. யாராவது போய்த் தீட்டிக் கொடுங்க.”

அந்தப் புதன்கிழமை சாயந்திரம் மூவரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். டிரைவர் தீட்டினான். லிஃப்ட்காரர் மெஷினின் உயரத்தைச் சரிசெய்தார். டாக்டரம்மா அவர் முழங்கையைப் பிடித்து இடுப்போடு ஒட்டவைத்து, “கையால தள்ளாதீங்க. உடம்பை நகர்த்துங்க, கை கூடவே வரும்” என்றார். கட்பீஸ்காரர் டீ போட்டார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தேடியதில் டீ இரண்டு தடவை பொங்கியது. அவர்கள் போன பிறகு வீடு முழுக்க மரச் சுருள். கூட்டிப் பெருக்க மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டு, அதன் மேலேயே நடந்தார். காலுக்கடியில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் மரத்தின் நார் பிய்ந்து கிண்ணம் சொரசொரவென்று வந்தது. அதற்கடுத்த வாரம் உளி கடித்தது. சுழலுகிற மரத்தில் உளி தப்பாகப் பட்டால் அது கையை உதறிக்கொண்டு பாயும், மரத்தில் ஆழமாக ஒரு வடு விழும், கடைகிறவன் நெஞ்சு வாய்க்கு வரும்; அதைத்தான் உளி கடித்தது என்பார்கள். ஒவ்வொரு கடிக்கும் யாராவது வீட்டுக்கு வந்தார்கள். டிரைவர் லீவு நாளில் வந்து, பக்கத்தில் நின்று, மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். லிஃப்ட்காரர் வந்தால் மெஷினோடு பேசிவிட்டுத்தான் மனுஷனோடு பேசுவார். கட்பீஸ்காரர் துணிக்கடைக் கதைகளைச் சொல்வார். சாயம் போன துணியைச் ‘சலவை நிறம்’ என்று விற்ற கதைக்கு டிரைவர் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

இப்படியே போனால் கை பழகாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மேஜையில் வைத்த கிண்ணம் முழுசாக இருந்தது. அடி நின்றது, சுவர் ஒரே கனமாக இருந்தது, தூங்குமூஞ்சி மரத்தின் கருநடுவும் வெளிறிய ஓரமும் விளிம்பில் ஒரு அலை போலச் சந்தித்தன. அதைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

டிரைவர் தடவினான். “ம். நல்லாருக்குண்ணே.”

லிஃப்ட்காரர் தடவினார். “ம்.”

டாக்டரம்மா கவிழ்த்துப் பார்த்தார், திருப்பி வைத்தார். மேஜையின் அந்தக் கோடியில் யாரோ ஒருவரின் ஜாடி வெடித்திருந்தது. நாற்காலிகள் எல்லாம் அங்கே போய்விட்டன.

அந்த வாரம் யாரும் வீட்டுக்கு வரவில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது? புதன்கிழமை சாயந்திரம் மூன்று டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். டம்ளர் உலர்ந்தது. மனைவி கூப்பிட்டாள். கிண்ணத்தை எடுத்துக் காட்டினார்.

“நல்லாருக்குங்க, எங்க வாங்கினீங்க?” என்றாள். பதில் சொல்வதற்குள் கூரை வந்துவிட்டது.

கட்பீஸ்காரர் அறையில் உட்கார்ந்து யோசித்தார். அவருக்குத் தெரிந்த யோசனை ஒரே வகைதான், கடை யோசனை. வாடிக்கையாளர் கேட்ட நிறம் கேட்ட மாத்திரத்தில் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கொஞ்சம் அடர்த்தியாக, கொஞ்சம் வெளிறி, கிட்டத்தட்ட ஆனால் அதுவே இல்லை என்று காட்டிக்கொண்டே இருந்தால்? உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு சோடா சொல்லலாம். குடும்பக் கதை கேட்கலாம்.

அடுத்த கிண்ணத்தை ஒழுங்காகக் கடைந்து முடித்தார். பிறகு உளியை வேண்டுமென்றே நிமிர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளிம்புக்குக் கீழே வைத்தார். கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் கிட்டே வந்தன.

அதன் பிறகு அவருக்குத் தொழில் சூடு பிடித்தது. பழுதை மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். போன வாரம் கடி என்றால் இந்த வாரம் நார்ப் பிய்ச்சல், அடுத்த வாரம் ஒரு பக்கம் தடித்த சுவர். ஒரே சரக்கை அடுக்கிவைத்தால் கண் சலித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? பழுதாக்க மனம் வராத கிண்ணங்களும் சில சேர்ந்தன. அவற்றை மனைவி புடவைகளை எடுத்துக்கொண்டு போனதால் காலியாகக் கிடந்த அலமாரித் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். சில சாயந்திரங்களில் திறந்து பார்ப்பார். ‘ம்’ என்று தானே சொல்லிக்கொள்வார். தன் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருப்பது போலத் தோன்றும். மூடிவிடுவார்.

மனசாட்சி கேட்காமல் இல்லை. ஆனால் யாருக்கு நஷ்டம்? டீத்தூள் அவருடையது, மரம் தெருவுடையது. இந்தச் சமாதானத்தில் கொஞ்ச காலம் ஓடியது.

நஷ்டம் எங்கிருந்து வந்தது என்றால், டிரைவரிடமிருந்து. அவன் லேசில் விடுகிற ஆள் இல்லை. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஒரு மனுஷனுக்கு வாராவாரம் உளி கடிக்கிறது என்றால் மனுஷனிடம் குறை இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று முடிவுகட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடித்த கிண்ணத்தை மேஜையில் தட்டிவைத்துச் சொன்னான்:

“அண்ணன் மேல தப்பில்லை. மெஷின் ஆடுது. பேரிங் போயிருக்கு.”

லிஃப்ட்காரர் டீயைக் கீழே வைத்தார். “அந்த மெஷினா? வாய்ப்பே இல்லை.”

“நீங்க வச்சிருந்தப்ப இல்லாம இருக்கலாம்.”

“போன மாசம்கூடக் கையை வச்சுப் பார்த்தேன்யா.”

“அப்ப உங்க கைக்குத் தெரியலை. தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் தெரியாம வாங்கிட்டாரு. சொன்ன விலைக்கு உடனே தூக்கிக் கொடுத்தீங்களாமே? நல்ல மெஷினை யாராவது அப்படிக் கொடுப்பாங்களா?”

அந்தக் கதையைச் சொன்னது கட்பீஸ்காரர்தான். சிரிப்புக்காகச் சொன்னது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். “இல்ல தம்பி, மெஷின் வந்து…” என்றார். மெஷின் வந்து என்ன? அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் மிச்சம் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் எழுந்தார். “நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போறேன். பிரிச்சுப் பார்த்துடறேன்” என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கலைந்து போகும்போது டாக்டரம்மா கட்பீஸ்காரரைக் கொட்டகை வாசலில் நிறுத்தினார். கையில் அந்த வாரத்துக் கிண்ணம்.

“கட்பீஸ் சார், உளி கடிச்சா பயந்து போய் அப்படியே கழட்டி வச்சுடுவோம். நீங்க கடிச்ச கிண்ணத்தோட அடியை மெருகு போட்டு, எண்ணெய் பூசி, முடிச்சிருக்கீங்க.”

கட்பீஸ்காரருக்குக் காது சூடானது. உண்மைதான். கடையில் கிழிசல் துண்டைக்கூட ஓரம் மடித்து, நீவித்தான் அடுக்குவார். அரைகுறையாக எதையும் கைமாற்றிப் பழக்கமில்லை. பழுது வைக்கப் போகிற கிண்ணத்துக்கும் அடியை முடிக்காமல் விட மனம் வரவில்லை.

“எப்ப கவனிச்சீங்க?”

“கொஞ்ச நாளாவே. பொய்ப்பல்லு எது, நிஜப்பல்லு எதுன்னு பார்க்கறதுதானே என் பொழப்பு.” கிண்ணத்தை அவர் பைக்குள் போட்டார். “நான் சொல்லப் போறதில்லை. ஆனா அவர் இன்னிக்கு எழுந்து போனதைப் பார்த்தீங்கல்ல?”

மறுநாள் லிஃப்ட்காரர் ஒரு சிறிய வேனோடு வந்தார். மெஷினை ஏற்றினார். டீ வேண்டாம் என்றுவிட்டார். வேனில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டதைக் கட்பீஸ்காரர் ஜன்னலிலிருந்து பார்த்தார். தன் கையையே சந்தேகப்படுகிற பார்வை.

மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. வாரத்தின் நடுவில் போன் செய்து கேட்டார்.

“பேரிங் புதுசு மாதிரிதான் இருக்கு” என்றார் லிஃப்ட்காரர். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தண்டும் நேரா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியலை. அதான் பிரச்சினையே. இருக்கற கோளாறு என் கைக்குத் தெரியலை. இதே கையை வச்சுத்தான் நேத்து ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டை ஓகேன்னு சொல்லிட்டு வந்தேன். சாப்பிடப் பிடிக்காம மறுபடி போய்ப் பார்த்தேன். ஆபீஸ்ல சொல்லி, என்னைப் பரிசோதனை வேலையிலிருந்து எடுத்துடச் சொல்லலாம்னு இருக்கேன்.”

லிஃப்ட்காரர் வைத்த பிறகும் கட்பீஸ்காரர் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ‘கெட்ட சரக்கு விற்றவன்’ என்ற பேச்சு ஒரு வியாபாரி மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். அதுவும் நல்ல சரக்கை நம்பிக் கொடுத்தவன் மேல். விழ வைத்தது கட்பீஸ்காரரேதான். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷனுக்குக் கை திரும்பக் கிடைக்கும். இவருக்கோ கொட்டகை போய்விடும். புதன்கிழமை போய்விடும். தரையில் உட்கார்ந்து சிரிக்கிற டிரைவர் போய்விடுவான். பேரம் பேச இதில் இடமே இல்லை. எவ்வளவு யோசித்தும் நடுவில் ஒரு விலை அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலமாரித் தட்டைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டு போனார்.

மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். தட்டையாக ஒன்று, குழிவாக ஒன்று, விளிம்பு உள்ளே வளைந்தது ஒன்று, காகிதம் போலச் சுவர் மெலிந்தது ஒன்று.

“இதெல்லாம் யார் செஞ்சதுண்ணே?” என்றான் டிரைவர்.

“நான்தான்.”

“எந்த மெஷின்ல?”

“இவர் கொடுத்த மெஷின்ல.” லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். “மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. உங்க கைலயும் ஒண்ணும் இல்லை.”

“அப்ப நாங்க வாராவாரம் பார்த்தது?”

“அதையும் நான்தான் செஞ்சேன். முடிச்சுட்டு, அப்புறமா கெடுத்தேன்.”

“எதுக்கு?”

துணி ஏன் சுருங்கியது, விலை ஏன் ஏறியது, போன வாரம் இருந்த நிறம் இந்த வாரம் ஏன் இல்லை, எதற்கும் நின்ற இடத்தில் பதில் சொன்ன வாய். இப்போது மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

“நல்லா வந்தா ‘ம்’னு சொல்லிட்டுப் போயிடறீங்க” என்றார் கடைசியில்.

யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

“எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவுண்ணே. கிளம்பறப்போ என் பொண்ணு கேட்கும், எங்கப்பா போறேன்னு. ஒரு பெரியவர் பாவம், கத்துக்கணும்னு ஆசைப்படறாரு, கை வரலைன்னு சொல்லிட்டு வருவேன். அது ஒரு நாளு, போயிட்டு வாப்பான்னு தன்னோட பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிச்சுது. நீங்களும் தின்னீங்க.” தலைக்கவசத்தை எடுத்தான். “மெஷின் கொடுத்த மனுஷனைப் போய் என்னை வாய்க்கு வந்தபடி பேச வச்சுட்டீங்களே.”

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை கேட்டது.

லிஃப்ட்காரர் மெலிந்த சுவர் கிண்ணத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் ஒரு சுற்று.

“அதிர்வே இல்லை” என்றார். “ஒரு வரி இல்லை.” மூச்சை விட்டார். அந்த மூச்சில் ஒரு வாரத்துத் தூக்கம் இருந்தது. பிறகு கோபம் வந்தது. “யோவ், ஆபீஸ்ல பேசறதுக்கு நேத்து வாசல் வரைக்கும் போயிட்டேன்யா. பெரிய மேனேஜர் லீவுல இருந்ததால தப்பிச்சேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும் உங்களுக்கு?”

டாக்டரம்மா பிளாஸ்கைத் திறந்தார். நாலு கப்பில் ஊற்றினார். ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

“பல்லு வலிச்சாத்தான் எல்லாரும் என்கிட்ட வர்றாங்க” என்றார். “வலிக்காதப்பவும் வரலாம்னு யாருக்கும் தோணறதில்லை. நானும் போர்டுல எழுதி வைக்கறதில்லை.”

அவ்வளவுதான் பேச்சு. பிறகு கிண்ணங்களை ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தடவினார்கள். “ம்” என்றார்கள். அடுத்த பொருளுக்குப் போனார்கள். கட்பீஸ்காரர் டீயைக் குடித்து முடித்து, பையை மடித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். யாரும் தடுக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டினார். ஓட்டிப் பார்த்து, கையை வைத்து, தலையாட்டினார். “டியூட்டி இருக்கு” என்று போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்பீஸ்காரர் கொட்டகைக்குப் போனார். ஓரமாக உட்கார்ந்தார். மற்றவர்களின் பழுதைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில் அவருடையதும் ஒன்றாக இருந்தது. இரண்டொரு வார்த்தை சொன்னார், கேட்டுக்கொண்டார்கள். டிரைவரின் நாற்காலி காலி. அதற்கடுத்த வாரமும் காலி. “டியூட்டி மாத்திட்டாங்களோ என்னவோ” என்றார் லிஃப்ட்காரர், யாருமே கேட்காதபோது.

வீட்டில் கட்பீஸ்காரர் கடைந்தார். நன்றாக வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். எதிர் நாற்காலிக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு சாயந்திரம் போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். தன் ஆயுசில் எத்தனை ஆயிரம் பேரை ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட்டிருப்பார்! தெருவில் போகிறவனை, பஸ்ஸுக்கு ஓடுகிறவனை, பக்கத்துக் கடைக்குள் காலை வைத்துவிட்டவனைக்கூடக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவைகூடக் கையில் சரக்கு இல்லாமல் கூப்பிட்டதில்லை. எண்ணை அழுத்தினார்.

நெடுநேரம் அடித்த பிறகு டிரைவர் எடுத்தான். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், யாரோ விசில் அடிக்கிற சத்தம்.

“சொல்லுங்க.”

அண்ணே என்று சொல்லவில்லை. கட்பீஸ்காரர் அதைக் கவனித்தார்.

“நான்தான் தம்பி.”

“தெரியுது. என்ன, உளி கடிச்சிருச்சா?” குரலில் ஒரு முள் இருந்தது.

“இல்லை.”

“அடி போயிருச்சா?”

“இல்லை தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சும்மாதான்.” போனை மறு காதுக்கு மாற்றினார். “டீ குடிக்க வரியான்னு.”

இரைச்சல் மட்டும் கேட்டது. பஸ் கதவு திறந்து மூடிற்று. யாரோ சில்லறை கேட்டார்கள். வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

“டியூட்டி முடிய ஏழு ஆகும்” என்றான் டிரைவர். வைத்துவிட்டான்.

கட்பீஸ்காரர் அந்த வாக்கியத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். வருகிறேன் என்றா? முடியாது என்றா? கடைக்குள் காலை வைக்கும்போதே வாங்குகிற ஆளா, வேடிக்கை பார்க்கிற ஆளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இதில் ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு டம்ளரைக் கழுவினார். சர்க்கரை டப்பாவை எடுத்து வெளியே வைத்தார். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வீட்டைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.